வக்கீல் வைக்காமல் நியாயம் கேட்க: சிங்கப்பூர் நடுவர் மன்றங்கள் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் வழக்கறிஞர் இல்லை. அலுவலக எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரியும் என்பதால், கோயில் வாசலிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் தேக்கா காப்பிக்கடை மேசையிலும் நம்மவர்கள் கையில் காகிதக் கட்டோடு வந்து உட்காருவார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். வந்தவர்களில் பாதிப்பேரிடம் நியாயம் இருந்தது. ஆனால் சட்டம் கொடுத்த நாள் முடிந்த பிறகு வந்திருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிய வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே கீழே தேதியும் தொகையும் வரும் இடங்களில் கொஞ்சம் நின்று படியுங்கள்.

நடுவர் மன்றம் என்கிறார்களே, அது கோர்ட்டா, பஞ்சாயத்தா?

பஞ்சாயத்து இல்லை. பஞ்சாயத்தில் சொன்னதை ஒருவர் கேட்காமல் போனால் மனக்கசப்புதான் மிஞ்சும். நடுவர் மன்றம் இடும் உத்தரவை மீறினால் சட்டம் பின்னால் வரும்.

வழக்கமான நீதிமன்றம் பலவகை வழக்குகளையும் ஏற்கும். நடுவர் மன்றத்துக்கோ ஒரு சட்டம் ஒரே ஒரு வேலையைக் கொடுத்திருக்கும்: சம்பளப் பாக்கி, அக்கம்பக்கத் தகராறு, பெற்றோர் பராமரிப்பு என்று. அந்த வேலியைத் தாண்டி அது எதையும் தொடாது. வேலிக்குள் இருப்பதை விரைவாக, குறைந்த செலவில் முடிக்கும். முறையும் வேறு. வழக்கமான நீதிமன்றத்தில் இரு தரப்பு வழக்கறிஞர்கள் மோதிக்கொள்ள, நீதிபதி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். இங்கே நடுவரே காகிதத்தைப் புரட்டி, 'இந்தப் பணத்தை எப்போது கொடுத்தீர்கள், ரசீது எங்கே?' என்று இரு தரப்பையும் கேட்பார்.

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. நாம் அதிகம் போக நேரும் மூன்று மன்றங்களான சிறு கோரிக்கை நடுவர் மன்றம், வேலை தொடர்பான கோரிக்கை நடுவர் மன்றம், சமூகச் சச்சரவு நடுவர் மன்றம் ஆகியவை அரசு நீதிமன்றங்களின் குடைக்குள்ளேயே இயங்குகின்றன. கட்டடம் ஒன்றுதான், நடைமுறைதான் வேறு. பெற்றோர் பராமரிப்பு நடுவர் மன்றம், கொண்டோமினியம் போன்ற தனியார் அடுக்குமாடித் தகராறுகளைப் பார்க்கும் ஸ்ட்ராட்டா வாரியம் போன்றவை அதற்கு வெளியே இருப்பவை.

வக்கீலே கூடாதா? எதிரே இருப்பது பெரிய கம்பெனி ஆயிற்றே.

சிறு கோரிக்கை மன்றத்திலும் வேலை தொடர்பான மன்றத்திலும் வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. கம்பெனிக்கும் அதே விதிதான். அது தன் ஊழியரையோ அதிகாரியையோதான் அனுப்ப வேண்டும். நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று இதைக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. மூவாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பாக்கிக்கு ஐயாயிரம் வெள்ளி கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தால் ஏழை வழக்கே போட மாட்டார். இரு தரப்பும் வெறுங்கையோடு வர வேண்டும் என்ற விதி பலவீனமானவருக்குத்தான் துணை.

வெளியே ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு போவதை யாரும் தடுக்கவில்லை. முதுமையாலோ எழுதப் படிக்கத் தெரியாததாலோ உடல்நலக் குறைவாலோ தானே பேச முடியாதவர், எழுத்து மூலம் ஒருவரை நியமித்து, மன்றத்தின் ஒப்புதலோடு அவரைப் பேசவைக்கலாம். சிறு கோரிக்கை மன்றத்தில் இதற்கு இடமுண்டு. அப்பாவுக்காக மகள் போய்ப் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டைப் புதுப்பிக்க முன்பணம் வாங்கிய குத்தகையாளர் பாதி வேலையில் ஆளைக் காணோம். எங்கே போவது?

சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 1985ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம், சொத்துக்கு ஏற்பட்ட சேதம், இரண்டு ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் ஆகியவை இதன் வேலை. 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை போகும். 2019 நவம்பருக்கு முன்பு இந்த வரம்பு 10,000 வெள்ளிதான். வழக்குத் தொடரும் காலமும் அப்போது ஓராண்டாக இருந்து, இப்போது இரண்டு ஆண்டாகியிருக்கிறது.

உங்கள் இழப்பு 24,000 வெள்ளி, எதிர்த்தரப்போ கூடுதல் வரம்புக்கு ஒப்பவில்லை என்றால் என்ன செய்வது? அதை இரண்டாக உடைத்து 12,000, 12,000 என்று இரண்டு வழக்கு போட முடியாது. 4,000 வெள்ளியை விட்டுக்கொடுத்து 20,000க்குப் போடலாம், அல்லது முழுத் தொகைக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகலாம். விட்டுக்கொடுக்க மனம் வராது, தெரியும். ஆனால் வழக்கறிஞர் செலவையும் காத்திருக்கும் காலத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பதிவுக் கட்டணம் சிறியது. தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு 10 வெள்ளி, 5,000க்கு மேல் 10,000 வரை 20 வெள்ளி, அதற்கும் மேலே போனால் கோரும் தொகையில் நூற்றுக்கு ஒன்று. வணிக நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

எல்லாம் இணையத்தில்தான். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் சி.ஜே.டி.எஸ். என்ற நீதிமன்றத் தளத்தில் நுழைந்து பதியலாம். மன்றத்துக்குப் போகும் முன்பே அந்தத் தளத்திலேயே எதிர்த்தரப்போடு பேரம் பேசித் தீர்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதில் தீரவில்லை என்றால் முதலில் ஒரு பதிவாளர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார். அங்கேயும் முடியாதவைதான் நடுவர் முன் விசாரணைக்குப் போகும்.

நண்பருக்குக் கடன் கொடுத்தேன், திருப்பித் தரவில்லை. இதையும் அங்கே கேட்கலாமா?

முடியாது. தனிப்பட்ட கடன் அந்த மன்றத்தின் எல்லைக்குள் வராது. வண்டி மோதிய விபத்துச் சேதமும் வராது. இந்த இரண்டு பதிலையும் சொல்லும்போதுதான் எதிரே இருப்பவர் முகம் வாடுவதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீட்டைக் காலி செய்தேன். உரிமையாளர் முன்பணத்தைத் தரவில்லை.

ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் சிறு கோரிக்கை மன்றம் ஏற்கும். இந்த வழக்குகளில் சண்டை பெரும்பாலும் 'சுவரில் கறை, குளிர்சாதனப் பெட்டி பழுது, அதற்குக் கழித்தேன்' என்பதைப் பற்றியே இருக்கும். ஆகவே குடிபோன அன்றும் காலி செய்த அன்றும் எடுத்த படங்கள் இல்லாவிட்டால், உங்கள் வாய்ச்சொல்லுக்கு எதிராக அவர் வாய்ச்சொல். சாவி வாங்கும் நாளில் ஐந்து நிமிடம் செலவழித்து ஒவ்வோர் அறையையும் கைத்தொலைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள். பூசை மாடத்து எண்ணெய்க் கறை முன்பே இருந்ததா, நீங்கள் வந்த பிறகு வந்ததா என்று யாரும் வாதாட வேண்டியிருக்காது.

மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. முதலாளியை எதிர்த்து வழக்குப் போட்டால் வேலை போய்விடுமோ?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர், கேட்டுவிட்டு இன்னும் மூன்று மாதம் காத்திருப்பார்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

2017 ஏப்ரல் 1 முதல் வேலை தொடர்பான கோரிக்கை நடுவர் மன்றம் செயல்படுகிறது. ஆனால் நேரே அங்கே போக முடியாது. முதல் படி, சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் பதிந்து சமரசப் பேச்சுக்கு உட்கார வேண்டும். இதை டாடம் என்று சுருக்கிச் சொல்வார்கள். மனிதவள அமைச்சு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து அமைத்தது என்பதால்தான் அந்தப் பெயர். அங்கே சமரசமானால் எழுத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். அதை நீதிமன்றத்தில் பதிந்துவிட்டால், முதலாளி வாக்கு மாறினாலும் உத்தரவைப் போலவே நிறைவேற்றச் செய்யலாம். பதியாமல் விட்டவர்கள் பிறகு அலைந்ததை அறிவேன். சமரசம் ஆகவில்லை என்றால் ஒரு பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அது கைக்கு வந்ததிலிருந்து நான்கு வாரத்துக்குள் நடுவர் மன்றத்தில் வழக்கைப் பதிய வேண்டும்.

தொகை வரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கம் வழியாக முத்தரப்புச் சமரசத்தில் சென்றவர்களுக்கு 30,000 வெள்ளி. சங்கத்தில் சேர மாதம் சில வெள்ளி கட்டுவது வீண் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தாயிரம் வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள்.

காலக்கெடு இதுதான்: இன்னும் அதே வேலையில் இருப்பவர், சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் டாடமிடம் பதிய வேண்டும். வேலையை விட்டவர், கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். கட்டுமான வேலை பார்த்த தம்பி ஒருவர் இரண்டு ஆண்டு மிகைநேரக் கணக்கைச் சின்ன நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். 'முதலாளி நல்லவர், அடுத்த திட்டம் வந்தால் தந்துவிடுவார்' என்று நம்பியே இருந்தார். நாங்கள் கணக்குப் பார்த்த அன்று அந்த நோட்டின் முன்பாதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பின்பாதிக்கு மட்டும் பதிந்தோம். தட்டிக் கேட்டால் உறவு கெடும் என்ற நம் கூச்சத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

வேலை போகுமா என்றால், அந்தப் பயம் நியாயமானதுதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கினால் அதற்கும் இதே மன்றத்தில் வழி இருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

'நாளை முதல் வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நாள் இருக்கிறது?

ஒரு மாதம். கடைசி வேலை நாளிலிருந்து ஒரே ஒரு மாதம். சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதம் இருக்கிறதே என்று இதையும் அதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டவர்களை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

நியாயமற்ற வேலைநீக்க வழக்குகளை 2019 ஏப்ரல் 1 முதல் இந்த நடுவர் மன்றம்தான் விசாரிக்கிறது. அதற்கு முன்பு அவை மனிதவள அமைச்சிடம் போய்க்கொண்டிருந்தன. இங்கேயும் முதல் படி டாடம்தான். வென்றால் மீண்டும் வேலையில் அமர்த்தவோ இழப்பீடு தரவோ மன்றம் உத்தரவிடலாம். மிரட்டியோ நெருக்கியோ விலகல் கடிதம் எழுதவைத்திருந்தால் அதுவும் வேலைநீக்கமாகக் கருதப்படலாம். ஆகவே 'நானே கையெழுத்துப் போட்டுவிட்டேனே' என்று அங்கேயே விட்டுவிட வேண்டாம். அந்த வாரத்தில் வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

என்னிடம் வேலை அனுமதிச் சீட்டுதான் இருக்கிறது. நானும் போகலாமா?

போகலாம். ஊரிலிருந்து வந்து கப்பல்பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைக்கும் தம்பிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சம்பளச் சட்டம் குடிமகன், வெளிநாட்டவர் என்று பிரிப்பதில்லை. வீட்டுப் பணிப்பெண்களுக்கு மட்டும் வழி வேறு. அவர்கள் மனிதவள அமைச்சை அணுக வேண்டும்.

சில சட்ட விவரங்கள் கையில் இருந்தால் பேசும்போது தைரியம் வரும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். மிகைநேரப் பணத்துக்குப் பதினான்கு நாள். 2016 ஏப்ரல் முதல் சம்பள விவரச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. உடலுழைப்புத் தொழிலாளியின் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால், மிகைநேரத்துக்கு மணிக்கூலியைப் போல ஒன்றரை மடங்கு பெற உரிமை உண்டு. எழுதிய தொகை ஒன்று, கையில் கொடுப்பது ஒன்று என்றால், வெற்றுச் சீட்டில் கையெழுத்துக் கேட்டால், அந்தச் சீட்டைப் படமெடுத்து வையுங்கள். வேலைக்குப் போன நாள், நேரம் இரண்டையும் அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு விசாரணையில் நிற்காது.

துணை வேண்டும் என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் டி.டபிள்யூ.சி.2 போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்கவில்லை. அவர்களோ எங்கள் சமையல் வாசனை தாங்கவில்லை என்கிறார்கள்.

கறி வாசனை என்றதும் 2011 ஆகஸ்ட் நினைவுக்கு வராத சிங்கப்பூர்த் தமிழர் குறைவு. சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பமும் அடுத்த வீட்டு இந்தியக் குடும்பமும் கறி வாசனை தொடர்பாகச் சமூக சமரச நிலையத்தில் உட்கார்ந்த கதை நாளிதழில் வந்தது. பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது, எதிர்க்குடும்பம் அந்தச் சமையலைச் சுவைத்துப் பார்ப்பதாகச் சொன்னது. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று எல்லா இனத்தாரும் கறி சமைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தச் சமரசமே சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்து முடிந்தது என்பதும், அந்தத் தீர்வைச் சமரசர் திணிக்கவில்லை, இரு குடும்பமும் பேசி எட்டியது என்பதும் பிறகுதான் தெளிவாயிற்று. எனக்கு அந்தச் செய்தி கற்றுத்தந்தது இதுதான்: சமரசத்தில் நீங்கள் ஒப்பாத எதையும் யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது. ஒப்பிவிட்டாலோ அதோடு நீங்கள் வாழ வேண்டும். உட்காரும் முன்பே, எதை விடலாம், எதை விடவே முடியாது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சமூக சமரச நிலையம் 1998இல் தொடங்கியது. அதற்குப் பல் இல்லை என்ற குறை நெடுங்காலம் இருந்ததால், 2015 அக்டோபரில் சமூகச் சச்சரவு நடுவர் மன்றம் வந்தது. அளவுக்கு மீறிய சத்தம், வாசனை, புகை, வெளிச்சம், அதிர்வு, வழியை மறித்துப் பொருள் வைப்பது, குப்பை வீசுவது, ஒருவர் வீட்டை இடைவிடாமல் வேவு பார்ப்பது போன்றவை அதன் எல்லைக்குள் வரும். அண்டைவீட்டார் என்றால் அதே கட்டடத்தில் அல்லது நூறு மீட்டருக்குள் வசிப்பவர். இழப்பீடு 20,000 வெள்ளி வரை. மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், குறிப்பிட்ட செயலை நிறுத்தச் சொல்லலாம். உத்தரவை மதிக்காதவருக்கு எதிராகச் சிறப்புக் கட்டளை பெறலாம். அதையும் மீறுவது குற்றம். கடைசிக் கட்டமாக, ஒருவரை அவர் வீட்டிலிருந்தே குறிப்பிட்ட காலத்துக்கு விலக்கி வைக்கவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

எந்தச் சத்தமும் குற்றமாகிவிடாது. பொங்கல் அன்று காலையில் பாட்டு, குழந்தை ஓடும் சத்தம், உரலில் இடிப்பது ஆகியவற்றை அடுக்குமாடி வாழ்வில் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவு ஒன்று இருக்கிறது. அந்த அளவைத் தாண்டியது என்று காட்டத் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு நாட்குறிப்பு வேண்டும். முதலில் நேரில் பேசிப் பார்த்தீர்களா, சமரசத்துக்கு முயன்றீர்களா என்றும் மன்றம் கேட்கும்.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் இந்த மன்றத்துக்கான சட்டத்தைத் திருத்தியது. மோசமான சத்தத் தகராறுகளை நேரில் விசாரிக்க அதிகாரம் பெற்ற சமூக உறவுப் பிரிவு ஒன்று 2025இல் தெம்பனீசில் முன்னோட்டமாகத் தொடங்கியது.

மேல்வீட்டிலிருந்து குளியலறைக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீடு என்றால் முதலில் வீவகவிடம் சொல்லுங்கள். நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். 'என் கூரை ஒழுகுகிறது, நான் ஏன் காசு தர வேண்டும்?' என்று கீழ்வீட்டார் கோபப்படுவது வழக்கம். அந்தத் தளம் இரு வீட்டுக்கும் பொதுவானது என்பதுதான் காரணம்.

கொண்டோமினியம் என்றால் ஸ்ட்ராட்டா வாரியம். இங்கே சட்டம் கீழ்வீட்டாருக்குப் பெரிய உதவி செய்கிறது. கூரையில் ஈரம் தெரிந்தால், குறை மேலே உள்ள வீட்டிலோ பொது இடத்திலோதான் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டும் பொறுப்பு மேலே இருப்பவருடையது. கட்டடம் முழுவதையும் சேர்த்து விற்கும் ஒட்டுமொத்த விற்பனைத் தகராறுகளும் இதே வாரியத்துக்கு வரும். பத்தாண்டு ஆன கட்டடத்தில் நூற்றுக்கு எண்பது பங்கை வைத்திருக்கும் உரிமையாளர்கள் சம்மதித்தால் விற்கலாம், பத்தாண்டு ஆகாததற்குத் தொண்ணூறு. எதிர்ப்பவர்களோடு வாரியம் சமரசம் பேசிப் பார்க்கும், முடியாவிட்டால் உயர் நீதிமன்றம்.

என் பிள்ளைகள் என்னைப் பார்ப்பதில்லை. அவர்கள் மேல் வழக்கா போடச் சொல்கிறீர்கள்?

ஓர் அம்மா என்னிடம் இதைக் கேட்டபோது அவர் குரலில் கோபமே இல்லை. 'ஊர் என்ன சொல்லும் தம்பி' என்பதுதான் அவர் கவலை. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: போனதும் வழக்கு ஆகிவிடாது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் கொண்டுவந்த மசோதா அது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, அரசாங்கம் கொண்டுவராமல் தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து சட்டமான முதல் பொது மசோதா அதுதான். அறுபது வயது ஆகி, தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் மாதப் பணமோ மொத்தத் தொகையோ கேட்கலாம். முதலில் பெற்றோர் பராமரிப்பு ஆணையரின் அலுவலகம் பிள்ளைகளை அழைத்துப் பேசும். அந்தச் சமரசத்தில் முடியாதவைதான் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கேயும் வழக்கறிஞர் கிடையாது.

பிள்ளைகள் பக்கமும் சட்டம் கேட்கிறது. சிறுவயதில் கைவிட்ட, அடித்துத் துன்புறுத்திய பெற்றோர் முதுமையில் வந்து கேட்டால், மன்றம் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அப்படிப்பட்ட பெற்றோர் முதலில் மன்றத்தின் அனுமதி பெற்ற பிறகே வழக்குத் தொடர முடியும் என்று 2023இல் திருத்தம் நிறைவேறியது. பழைய காயத்தை மறுபடி கிளறி ஒருவரை அலைக்கழிக்கக் கூடாது என்ற நோக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்த அம்மா ஆணையர் அலுவலகத்துக்குப் போனார். வழக்கு வரை போகவில்லை.

முஸ்லிம் மணமுறிவு, வருமான வரி, சங்க ஒப்பந்தம் போன்றவை?

ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் மணமுறிவுக்கு 1958இல் அமைந்த ஷரியா நீதிமன்றம். வருமான வரி மதிப்பீட்டில் கருத்து வேறுபாடு என்றால் வரி மறுஆய்வு வாரியம். சங்கமும் நிறுவனமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத் தகராறுகளுக்கு 1960இல் வந்த தொழில் நடுவர் நீதிமன்றம். இவற்றில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை, ஆகவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தமிழில் பேசலாமா?

பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்று வீரம் காட்டாதீர்கள். 'சம்பளம் பிடித்தார்கள்' என்பதற்கும் 'சம்பளம் தரவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு பதற்றத்தில் ஆங்கிலத்தில் வராது. வழக்கின் உயிரே அங்கே இருக்கலாம். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, படங்கள், குறுஞ்செய்திகள். வாட்ஸ்அப் உரையாடலைத் துண்டு துண்டாக வெட்டாமல், அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரியும்படி வரிசையாக எடுங்கள். குரல்பதிவாக இருந்தால் பேசியதை எழுதி இணையுங்கள்.

இவற்றோடு ஒரே பக்கத்தில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதி மேலே வையுங்கள். மனிதர்கள் வலித்த இடத்திலிருந்து கதையைத் தொடங்குவார்கள். நடுவருக்குத் தொடங்கிய இடத்திலிருந்து தேவை. 'மார்ச் 3, 6,000 வெள்ளி கொடுத்தேன். மார்ச் 20, ஓடு உடைத்தார்கள். ஏப்ரல் 2க்குப் பிறகு யாரும் வரவில்லை.' இவ்வளவு போதும். 'அவன் ஏமாற்றுக்காரன்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். நான் எழுதித் தந்த எந்த மனுவிலும் அந்தச் சொல் உதவியதில்லை.

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாமா?

வழி குறுகியது. சிறு கோரிக்கை, வேலை தொடர்பான மன்றங்களில் சட்டப் பிழை இருந்தாலோ மன்றம் தன் எல்லையை மீறியிருந்தாலோ மட்டுமே, அதுவும் அனுமதி பெற்று, உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 'நான் சொன்னதை நம்பவில்லை' என்பது காரணமாகாது. ஆகவே முதல் முறையே முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

வென்றுவிட்டேன். அவர் பணம் தரவில்லையே?

இந்த வேதனைதான் பெரியது. மன்றமே ஓடிப்போய்ப் பணம் வசூலித்துத் தராது. உத்தரவுக்கு நீதிமன்ற உத்தரவின் வலு இருப்பதால், நிறைவேற்ற ஆணைக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பேரில் நீதிமன்ற அதிகாரி எதிர்த்தரப்பின் பொருள்களைக் கைப்பற்றி விற்கலாம், வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை முடக்கலாம். இதற்குத் தனிச் செலவு உண்டு. எதிரே இருப்பது பூட்டிவிட்டுப் போன கம்பெனி, கணக்கில் ஒன்றுமில்லை என்றால் கையில் காகிதம் மட்டுமே மிஞ்சும். அதனால்தான், முழுத்தொகை தருவதாகத் தீர்ப்பு வாங்குவதைவிட, சமரசத்திலேயே எண்பது பங்கை அன்றே வங்கி மாற்றலாக வாங்கிக்கொள்வது சில நேரம் மேல் என்று சொல்வேன். தவணை முறைக்கு ஒப்பினால், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எங்கே இருக்கிறது?

அரசு நீதிமன்றங்கள், எண் 1, ஹேவலாக் சதுக்கம். சைனாடவுன் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். சில அமர்வுகள் காணொளி வழியாகவும் நடக்கின்றன, அழைப்புக் கடிதத்தில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரச் சொன்ன நாளில் நீங்கள் வராவிட்டால் உங்கள் கோரிக்கை தள்ளுபடியாகலாம். அன்று வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மூலப் பத்திரங்களோடு அரைமணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.